புள்ளி இல்லாத நாற்பது நிமிடம்



ஜூன் மாதம் 7ஆம், 8ஆம் திகதிகளிலிருந்து தொடங்குகிறேன். சீனாவில் ஒரு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் எந்த வகுப்புக்குப் போகிறார், அங்கே அவர் சொல்வதை யார் கேட்கிறார்கள், யார் கணக்குத் தாளை மடியில் வைத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பவை அந்த இரண்டு நாட்கள்தாம். பல்கலைக்கழக அனுமதிக்கான காவ்காவ் பரீட்சை அப்போதுதான் தொடங்குகிறது. 2024இல் அதற்குப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 இலட்சம் பேர். இலங்கையின் சனத்தொகையில் பாதிக்கும் மேல். உயர்தரப் பரீட்சை எழுதியவர்களுக்கும், படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் தேத்தண்ணீரோடு இரவிரவாக முழித்திருந்த அம்மாமாருக்கும் அந்தப் பதற்றத்தை நான் விளக்கத் தேவையில்லை.

பெரும்பாலான இடங்களில் மொத்தம் 750 புள்ளி. அதில் சீனமொழிக்கு 150, கணிதத்துக்கு 150, அந்நிய மொழிக்கு 150. அந்நிய மொழி என்றால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம்தான். மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சி 1966இல் இந்தப் பரீட்சையை நிறுத்திவிட்டது. 1977ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மீண்டும் நடந்தபோது 57 இலட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. வயலிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் வந்து அன்று எழுதியவர்கள் இன்று பாட்டன் பாட்டிமார். ஒரு பரீட்சை ஒரு மனிதனுடைய விதியை ஒரே நாளில் மாற்றியதைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. தங்கள் பேரப்பிள்ளை ஐந்து வயதில் ஆங்கிலம் பேச வேண்டும் என்று அவர்கள் ஏன் துடிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் அந்தக் குளிர்காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்ஹுய் மாகாணத்தில் மாவ்தான்சாங் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அந்த ஊரின் உயர்நிலைப் பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, தாய்மார் வேலையை விட்டு வந்து, பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சமைத்துப் போட்டுக்கொண்டு தங்கியிருக்கிறார்கள். ஊர் முழுவதும் அந்தப் பரீட்சையில்தான் சீவிக்கிறது.

இனி எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்துக்கு 150 புள்ளி என்றேன். வாசிப்பு, இலக்கணம், எழுத்து, பெரும்பாலும் கேட்டல், இவற்றுக்குத்தான் அந்தப் புள்ளி. சில மாகாணங்களைத் தவிர மற்ற இடங்களில் வாய் திறந்து பேசுவதற்குப் புள்ளி இல்லை. வெளிநாட்டு ஆசிரியருக்கோ பெரும்பாலும் பேச்சு வகுப்பைத்தான் கொடுக்கிறார்கள். அதாவது அந்தப் பெரிய இயந்திரத்தில் எந்தச் சக்கரத்தோடும் பல் பொருந்தாத ஓரிடத்தில் அவரை நிறுத்துகிறார்கள். அவருக்குக் கிடைக்கும் மரியாதையும் வசதியும் தனிமையும் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

நான் படிப்பித்தது ஹூனான் மாகாணத்தில், சியாங் ஆற்றங்கரையில் உள்ள ஒரு நகரத்து உயர்நிலைப் பாடசாலையில். அந்த நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

காலை ஆறரைக்கே பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் 'காலை வாசிப்பு' தொடங்கும். ஐம்பது, ஐம்பத்தைந்து பேரும் எழுந்து நின்று ஆளுக்கொரு பக்கத்தை உரக்க வாசிப்பார்கள். ஒருவர் ஆங்கிலச் சொற்பட்டியல், பக்கத்தில் நிற்பவர் தாங் காலத்துக் கவிதை, அடுத்தவர் வரலாறு. நான்கு மாடிக் கட்டடமும் அந்தச் சத்தத்தில் அதிரும். ஒவ்வொரு மேசையிலும் புத்தகங்கள் மதில்போல அடுக்கியிருக்கும். இறுதி வகுப்பின் கரும்பலகை மூலையில் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓர் எண் இருக்கும். அதை ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை அழித்து எழுதும்.

இரண்டாம் பாடவேளை முடிந்ததும் எல்லோரும் மைதானத்துக்கு இறங்குவார்கள். ஒலிபெருக்கி இசைக்கு ஏற்ப உடற்பயிற்சி செய்யும் வழக்கம் 1951இலிருந்து அந்த நாட்டில் இருக்கிறது. பிறகு கண் பயிற்சி. கண்ணை மூடி, இமையைச் சுற்றியும் நெற்றிப் பொட்டிலும் விரலால் அழுத்தித் தேய்ப்பார்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடி போடாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நண்பகலில் சாப்பாடு, அதற்குப் பிறகு நித்திரை. பாடசாலை மட்டுமல்ல, அலுவலகமும் கடையும் அடங்கிவிடும். பிள்ளைகள் மேசையில் தலை வைத்துத் தூங்குவார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பது அங்கே மரியாதைக் குறைவு. பின்னேரம் மீண்டும் வகுப்பு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தனிப்படிப்பு நேரம், இரவு பத்து மணி வரை. வகுப்பாசிரியர் அவ்வளவு நேரமும் பாடசாலையில்தான் இருப்பார். பின் கதவில் உள்ள கண்ணாடிச் சதுரத்தில் அவருடைய முகம் திடீரென்று தெரியும். அதை முதலில் காண்பவர் கடைசி வாங்கில் இருக்கும் பையன்.

இந்த நாளுக்குள் வெளிநாட்டு ஆசிரியர் எங்கே இருக்கிறார்? வாரத்துக்குப் பதினைந்து பாடவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு வகுப்பு. ஒரு வகுப்பை வாரத்தில் ஒரு தடவைதான் காண்கிறார், நாற்பது நிமிடம். கணக்குப் போட்டால் எழுநூறு, எண்ணூறு முகங்கள். காலை வாசிப்புக்கு அவர் வரத் தேவையில்லை, இரவுப் படிப்புக்கும் தேவையில்லை. பரீட்சைத்தாள் திருத்தும் வேலை இல்லை. பெற்றோர் கூட்டம் இல்லை. வசிப்பதற்குப் பாடசாலை வளவுக்குள்ளேயே சமையலறையோடு ஒரு வீடு கொடுத்திருப்பார்கள். கூடவேலை செய்யும் சீன ஆசிரியர்களைவிடச் சம்பளமும் கூட. சுகமான உத்தியோகம் என்றுதான் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாரமாக இருந்தது. எண்ணூறு பிள்ளைகளில் ஒருவருடைய பெயரையும் சரியாக அறியாத ஆசிரியர் என்ன ஆசிரியர்?

பெயரைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் வைத்துவிடுவது அங்கே நெடுநாள் வழக்கம். முதலாம் நாளே வரிசையில் வந்து பெயர் கேட்பார்கள். புதிய பெயர் சிலருக்கு ஒரு விடுதலை, அந்தப் பெயரில் அவர்கள் துணிந்து பேசுவார்கள். அதனால் நான் தடுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய சொந்தப் பெயரை, அதன் எழுத்தோடும் தொனியோடும் படிக்கிற பொறுப்பு ஆசிரியருக்கு இருக்கிறது. ஒரு பிள்ளையின் பெயரைப் படிப்பதற்குச் சோம்பல்பட்டு அந்தப் பிள்ளையிடம் மூவாயிரத்து ஐந்நூறு ஆங்கிலச் சொற்களை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆம், காவ்காவுக்கு வேண்டிய சொற்கள் ஏறத்தாழ அவ்வளவு.

அந்த நாற்பது நிமிடத்தில் முதலில் எதிர்ப்படுவது மௌனம். ஒரு கேள்வி கேட்டால் ஐம்பது தலைகள் குனியும். தெரியாமல் அல்ல. எங்கள் ஊரில் ஆங்கிலம் பேசித் திரியும் பலருக்குத் தெரியாத இலக்கணம் அவர்களுக்குத் தெரியும். ஒரு நீண்ட வாக்கியத்தைக் கொடுத்தால் எது முதன்மை வாக்கியம், எது சார்ந்து நிற்பது என்று வெட்டிக் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் பழகிய வகுப்பறையில் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். நான்கில் ஒன்று சரி, மூன்று பிழை. பிழை என்றால் புள்ளி போகும், ஐம்பது பேர் முன்னால் முகமும் போகும். அப்படி வளர்ந்த பிள்ளையிடம் போய், நீ என்ன நினைக்கிறாய், எதுவும் சொல்லலாம் என்றால், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கொடுப்பது சுதந்திரமாகத் தெரியாது. கண்ணிவெடி வயலாகத் தெரியும்.

பல வெளிநாட்டு ஆசிரியர்கள் இந்த மௌனத்தைக் கண்டு விளையாட்டுக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் போய்விடுகிறார்கள். அதிபர்மாரும் அதையே விரும்புவதுண்டு. பிள்ளைகள் களைத்திருக்கிறார்கள், கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் இரக்கம் இருக்கிறது. ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. வாரத்தில் எழுபது, எண்பது மணி நேரம் படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும் என்றால் மைதானத்தைத் திறந்துவிட வேண்டும். ஆங்கிலப் பாடத்தை விளையாட்டாக்கிவிட்டால், பேச்சு என்பது படிப்பில் சேராத ஒன்று என்ற எண்ணத்தைத்தான் நாங்கள் உறுதிப்படுத்துகிறோம்.

எனக்குக் கைகொடுத்தது, விடை அந்தப் பிள்ளையிடம் மட்டுமே இருக்கிற கேள்வி. உன் பாட்டியின் ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள்? நீ சின்ன வயதில் நடந்த பாதையில் இன்று என்ன நிற்கிறது? ஹூனான் பெருந்தொகையான தொழிலாளரை வெளியே அனுப்பும் மாகாணம். தாய் தகப்பன் குவாங்டொங் மாகாணத்தில் தொழிற்சாலையில், பிள்ளைகள் பாட்டன் பாட்டியோடு கிராமத்தில். அப்படி விடப்பட்ட பிள்ளைகள் சீனாவில் கோடிக்கணக்கில் வளர்ந்தார்கள். என் வகுப்பில் ஒரு பையன் எழும்பி, தன் அம்மா டொங்குவானில் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், புதுவருடத்துக்கு மட்டும் வருவார், வரும்போது தனக்கு எப்போதும் ஒரு அளவு சின்னச் சப்பாத்துதான் கொண்டுவருவார் என்று ஆங்கிலத்தில் சொன்னான். இறந்தகாலமும் நிகழ்காலமும் அவனுடைய வாக்கியங்களில் கலந்து கிடந்தன. யாரும் திருத்தவில்லை. அவன் சொல்லி முடித்ததும் இன்னும் நான்கு பேர் கை உயர்த்தினார்கள். தகப்பனை டோஹாவிலோ துபாயிலோ வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். அந்தக் கைகள் ஏன் உயர்ந்தன என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வகுப்புக்குப் புள்ளி இல்லாமல் இருந்தபடியால்தான் அவன் பேசினான் என்பது என் நம்பிக்கை. புள்ளி இருந்திருந்தால் அந்த வாக்கியங்களை அவன் முதலில் திருத்தியிருப்பான், திருத்தத் தெரியாவிட்டால் இருந்துவிட்டிருப்பான். பரீட்சைக்கு வெளியே நிற்பது குறையாக இருந்தாலும், ஆசிரியர் அந்த இடத்தை மதித்து நடத்தினால் பிள்ளைக்கு அந்த நாளில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது.

ஆனால் வாரத்தில் ஒரு நாற்பது நிமிடம் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலத்தைக் கொடுத்துவிடாது. சீனாவில் ஆங்கிலத்தைக் கொடுப்பவர்கள் சீன ஆசிரியர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. 2001இல் கல்வி அமைச்சு மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் தொடங்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது அந்தச் சுமையைத் தோளில் ஏற்றியவர்கள் மாவட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்கள், பெரும்பாலும் பெண்கள். என் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருந்த ஆசிரியைக்கு இரண்டு வகுப்பு, நூற்றுப் பத்துப் பிள்ளைகள். ஒவ்வொரு நாளும் நூற்றுப் பத்துக் கொப்பி. காலை வாசிப்பு, இரவுப் படிப்பு, வகுப்பாசிரியர் பொறுப்பு, வீட்டில் ஒரு சின்ன மகள். அவர் வெளிநாடு போனதில்லை. ஆங்கிலம் தாய்மொழியான ஒருவரோடு பேசும் சந்தர்ப்பமும் பல்கலைக்கழகத்துக்குப் பிறகு கிடைக்கவில்லை.

ஆரம்பத்தில் அவர் என்னோடு பேசவே கூச்சப்பட்டார். ஒரு நாள் ஒரு பயிற்சித்தாளைக் கொண்டுவந்து இரண்டு விடைகளைக் காட்டி எது சரி என்றார். இரண்டும் சரி, இரண்டையும் மக்கள் சொல்வார்கள் என்றேன். அவர் அமைதியாக, புள்ளி ஒன்றுக்குத்தான் என்றார். பிறகு ஏன் ஒன்றுக்கு மட்டும் என்பதற்கு ஓர் இலக்கணக் காரணம் சொன்னார். அது எனக்குப் புதிது. ஆங்கில மொழியை வெளியிலிருந்து, விதி விதியாக, ஒரு கட்டடத்தை அளப்பதுபோல அளந்து வைத்திருந்தார். எனக்கு அந்த வீட்டுக்குள் நடமாடத்தான் தெரியும். பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டும். அதற்குப் பிறகு நான் அவருடைய வகுப்பின் பின்வாங்கில் போய் இருக்கத் தொடங்கினேன். அவர் என் வகுப்புக்கு வந்தார். அவர் அந்த வாரம் நடத்திய பாடத்திலிருந்தே என் கேள்விகளை எடுத்தேன். பிள்ளைகள் வித்தியாசத்தை உடனே கண்டுகொண்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து போய்ச் சீனாவில் ஆங்கிலம் படிப்பித்தவர்களின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 1862இல் சிங் அரசு மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கப் பெய்ஜிங்கில் தோங்வென் குவான் என்ற பாடசாலையைத் திறந்து வெளிநாட்டு ஆசிரியர்களை அமர்த்தியதிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். நிலைத்தது யாருடைய வேலை?

வில்லியம் எம்ப்சன் என்ற ஆங்கிலக் கவிஞரை எடுத்துக்கொள்கிறேன். 1937இல் அவர் பெய்ஜிங்கில் படிப்பிக்க வந்து சேர, ஜப்பானியப் படையெடுப்பும் தொடங்கியது. பீக்கிங், சிங்ஹுவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்தன. முதலில் ஹூனான், பிறகு தென்மேற்கே குன்மிங். இடம்பெயர்ந்த பாடசாலை எப்படி இருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் நான் சொல்லத் தேவையில்லை. 1995இல் இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எம்ப்சனுக்கும் புத்தகம் இல்லை. கவிதைகளை நினைவிலிருந்து தட்டச்சு செய்து வகுப்புக்குக் கொண்டுபோனார். அவரிடம் படித்தவர்களில் மூ தான் நவீன சீனக் கவிதையின் பெரிய பெயர்களில் ஒருவரானார். வாங் சுவோலியாங் ஆங்கில இலக்கியப் பேராசிரியரானார். ஷூ குவோசாங் எழுதிய ஆங்கிலப் பாடநூல்களை 1960களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். எம்ப்சனின் பெயரைக் கேள்விப்படாத இலட்சக்கணக்கானோர் அவருடைய மாணவரின் புத்தகத்தில் ஆங்கிலம் கற்றார்கள்.

இசபெல் குரூக்கும் அவருடைய கணவர் டேவிட் குரூக்கும் அடுத்தவர்கள். இசபெல் 1915இல் செங்டுவில் கனடிய மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். டேவிட் பிரித்தானியர். சீனக் கிராமத்தில் நிலச்சீர்திருத்தத்தை ஆராயப் போன இருவரும் 1948இல் ஒரு கிராமத்தில் இயங்கிய மொழிப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்க இசைந்தார்கள். அந்தப் பாடசாலைதான் பின்னர் பெய்ஜிங் அந்நிய மொழிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. புதிய சீனாவின் இராஜதந்திரிகளும் மொழிபெயர்ப்பாளர்களும் ஆசிரியர்களும் அங்கே உருவானார்கள். கலாசாரப் புரட்சியில் டேவிட் 1967இலிருந்து 1973 வரை சிறையில் கிடந்தார். வெளியே வந்து மீண்டும் அதே வளாகத்தில் தங்கினார்கள். 2019இல் சீன அரசு இசபெலுக்கு நட்புறவுப் பதக்கம் வழங்கியது. 2023இல், 107 வயதில், அவர் காலமானார்.

மூன்றாவதாகப் பீட்டர் ஹெஸ்லர். 1996இல் அமெரிக்க அமைதிப் படையின் தொண்டராக யாங்சி ஆற்றங்கரை நகரமான ஃபூலிங்கின் ஆசிரியர் கலாசாலைக்குப் போனார். தொண்டர் திட்டத்துக்குச் சீனாவில் நட்புறவுத் தொண்டர் என்று வேறு பெயர் கொடுத்திருந்தார்கள். அது 1993இல் தொடங்கி 2020இல் முடிந்தது. ஹெஸ்லரின் மாணவர்கள் கமக்காரரின் பிள்ளைகள். படித்து முடித்துக் கிராமத்துப் பாடசாலைகளுக்கு ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்கள். அவர்களுக்கு ஷேக்ஸ்பியரைப் படிப்பித்தார், தானும் சந்தைக்கும் தேநீர்க் கடைக்கும் போய்ச் சீனமொழி படித்தார். 2001இல் வந்த அவருடைய ரிவர் டவுன் என்ற நூல் அந்த வாழ்க்கையைச் சொல்கிறது. 2019இல் மீண்டும் போய்ச் சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். இரண்டு வருடத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஃபூலிங் மாணவர்களோடு கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவர்களில் பலர் அவ்வளவு காலமும் வகுப்பறையில் நின்றவர்கள்.

இவர்கள் எல்லோருடைய வேலையும் நிலைத்தது, அது சீன ஆசிரியர்களின் கைவழியாகப் போனபடியால். அதனால்தான் இன்றைய ஏற்பாட்டில் எனக்கு மனத்தாங்கல் இருக்கிறது. வெளிநாட்டு ஆசிரியரைத் தனி வீட்டில், தனி நேரசூசியில், தனிச் சம்பளத்தில் வைத்து, விளம்பரப் பலகையில் படத்தைப் போட்டுவிட்டு, ஆசிரியர் அறையிலிருந்து பிரித்துவைக்கிறார்கள்.

சீனாவுக்குப் படிப்பிக்கப் போகிறவர்களுக்கு நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கான இசட் விசா இல்லாமல் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் வா, பிறகு பார்ப்போம் என்று சொல்லும் முகவரை நம்பாதீர்கள், பிடிபட்டால் அடைத்து நாடு கடத்துவார்கள். இளமாணிப் பட்டம், இரண்டு வருட அனுபவம் அல்லது படிப்பித்தல் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் வேண்டும். போய் இறங்கி 24 மணி நேரத்துக்குள் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். முப்பது நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் மதப்பிரசாரம் கூடாது என்று எழுதியிருக்கும், அதைப் பகிடியாக எடுக்காதீர்கள். அரசியலில் எதை வகுப்பில் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதை எழுதித் தரமாட்டார்கள். நீங்கள் பேசிவிட்டு விமானம் ஏறலாம். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கும் பக்கத்து மேசை ஆசிரியைக்கும் அந்த வசதி இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

நாளாந்த வாழ்க்கை இலகு. காசை எவரும் கையால் தொடுவதில்லை. மரக்கறிக்காரக் கிழவியும் கைபேசிக் குறியீட்டை நீட்டுவார். ஹூனானில் மிளகாய் இல்லாத கறியே இல்லை. பொடியாக நறுக்கிய மிளகாய் போட்டு அவித்த மீன்தலை அந்த மாகாணத்தின் பெருமை, எங்கள் நாக்குக்கு எந்தக் குறையும் இல்லை. குளிர்காலம்தான் கஷ்டம். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே உள்ள நகரங்களில் அரசு கட்டடங்களுக்கு வெப்பமூட்டும். தெற்கே அந்த ஏற்பாடு கிடையாது. ஹூனானில் ஐந்து பாகை ஈரக் குளிரில் பிள்ளைகள் தடித்த மேலங்கியோடு இருந்து எழுதுவார்கள், விரல்கள் வீங்கியிருக்கும். இன்னொன்று, அறிவித்தல்கள் கடைசி நேரத்தில்தான் வரும். ஒரு நீண்ட விடுமுறை தந்தால் அதை ஈடுசெய்ய ஞாயிற்றுக்கிழமை பாடசாலை வைப்பார்கள். அது சனிக்கிழமை இரவு வீசாட் குழுவில் வரும். உங்களை மட்டும் அப்படி நடத்துகிறார்கள் என்று எண்ணாதீர்கள். சீன ஆசிரியர்களுக்கும் அதே நேரத்தில்தான் தெரியவரும்.

இப்போது மனம் கசந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கில ஆசிரியராக வேலை அனுமதி பெறப் பொதுவாக ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு கேட்கிறார்கள்: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா. இலங்கைக் கடவுச்சீட்டோடு, எவ்வளவு நல்ல ஆங்கிலப் பட்டதாரியாக இருந்தாலும், அந்தக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கிறது. பிலிப்பைன்ஸ், நைஜீரியா, இந்தியா எல்லோருக்கும் அப்படியே. என்னிடம் கனடியக் கடவுச்சீட்டு இருந்தது. ஆனாலும் முதலில் பேசிய ஓர் இடத்தில் எல்லாம் சரிவந்த பிறகு படத்தைக் கேட்டார்கள், அனுப்பினேன், பிறகு பதில் வரவில்லை. பெற்றோர் வெள்ளைக்கார ஆசிரியரை எதிர்பார்க்கிறார்கள் என்று இடையில் நின்றவர் மன்னிப்புக் கேட்டுச் சொன்னார். எனக்கு நேர்ந்ததைவிட, இந்தத் தெரிவு பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்குதான் என்னை உறுத்துகிறது. ஆங்கிலம் ஒரு நிறத்தாருக்குச் சொந்தம் என்று ஆறு வயதில் மனத்தில் பதிந்துவிட்டால், அந்தப் பிள்ளை தன்னுடைய சொந்த ஆசிரியையின் ஆங்கிலத்தையும் இரண்டாம் தரமாகத்தான் மதிக்கும். நூற்றுப் பத்துக் கொப்பி திருத்துகிற அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்படும் அநீதி அது.

வேலைவாய்ப்பும் முன்புபோல இல்லை. 2021 ஜூலையில் அரசு 'இரட்டைக் குறைப்பு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. வீட்டுவேலைச் சுமையையும் தனியார் வகுப்புச் சுமையையும் குறைப்பது நோக்கம். பாடசாலைப் பாடங்களுக்கு இலாபத்துக்காக டியூஷன் நடத்துவது தடைசெய்யப்பட்டது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையம் வழியாகச் சீனப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் தொழிலும் அதோடு நின்றது. சில வாரங்களுக்குள் பெரிய நிறுவனங்கள் கவிழ்ந்தன. பிறப்புகளும் குறைகின்றன. 2016இல் 1 கோடியே 78 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பிறந்த நாட்டில் 2023இல் 90 இலட்சம்தான். மழலையர் பாடசாலைகள் மூடப்படுகின்றன. அங்கே வேலை பார்த்த வெளிநாட்டவர்கள் வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் நகர்கிறார்கள்.

இருந்தாலும் ஆட்கள் தேவை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிற உங்கள் மச்சான் மச்சாள்மார், பட்டம் முடித்த பிள்ளைகள், ஓரிரு வருடம் போய்ப் படிப்பிக்கலாமா என்று கேட்டால், போகச் சொல்லுங்கள். பெரிய நகரத்து மையத்துக்கு அல்ல, ஒரு மாவட்ட நகரத்துப் பாடசாலைக்கு. ஒப்பந்தம் பேசும்போது சம்பளத்துக்கும் விமானச் சீட்டுக்கும் வாதாடுகிற அதே உறுதியோடு இரண்டு விஷயங்களைக் கேட்கச் சொல்லுங்கள். பதினைந்து வகுப்புக்குப் பதிலாக ஐந்து வகுப்பை வாரத்தில் மும்முறை தாருங்கள் என்பது ஒன்று. ஆசிரியர் அறையில், ஆங்கில ஆசிரியர்களின் நடுவில் ஒரு மேசை வேண்டும் என்பது மற்றது. முதலாவதை அதிபர் மறுக்கக்கூடும், ஏனென்றால் மற்றப் பத்து வகுப்புப் பெற்றோர் கேள்வி கேட்பார்கள். இரண்டாவதை எந்த அதிபரும் மறுக்க மாட்டார். அதைக் கேட்பவர்கள் குறைவு என்பதால் அவர் கொஞ்சம் ஆச்சரியப்படுவார், அவ்வளவுதான்.

விசா, சான்றிதழ், சம்பளம் பற்றிக் கேள்விகள் இருக்கும் என்று நினைக்கிறேன். கேளுங்கள், நேரம் இருக்கிறது.